ஜூலை 15 விழா: காமராஜரைப் பற்றி எதைப் பேசுவது, எதை விடுவது, நூறு பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது

கேள்வி: வடசென்னை வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். காமராஜர் பிறந்தநாள் வந்தால் படத்துக்கு மாலை, மைக் செட்டில் பாட்டு, லட்டு என்று முடிந்துவிடுகிறது. இந்த முறை அவர் எப்படிப்பட்ட மனிதர், என்ன செய்தார் என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி நடத்த நினைக்கிறோம். நூறு பிள்ளைகள் வருவார்கள், இரவுச் சாப்பாடும் உண்டு. எப்படிச் செய்வது?

பதில்:

முதலில் பேச்சாளர்களைக் குறையுங்கள். நாலு பேர் பேசினால் நாலு பேரும் பெருந்தலைவர், கர்மவீரர், கல்விக்கண் திறந்தவர் என்று பட்டங்களை அடுக்குவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது. ஒரே ஆள், பத்து நிமிடம், ஒரே விஷயம் போதும். அந்த விஷயமாக நான் சொல்வது இது: ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று கேட்டு, கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சரிசெய்த நிர்வாகம். காமராஜரின் குணம் முழுக்க அந்த வேலைமுறையில் தெரியும்.

1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சர் ஆனார். முந்தைய ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டதே அதை, வந்ததும் கைவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் பேச வேண்டியது. பள்ளி தூரம் என்றால்: முந்நூறு பேர் உள்ள ஊருக்கும் ஆரம்பப் பள்ளி, ஒரு மைலுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பள்ளிச் சம்பளம், அதாவது கட்டணம், கட்ட முடியவில்லை என்றால்: 1960இல், ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை சம்பளம் கிடையாது என்று ஆணை. பசி என்றால்: மதிய உணவு.

இந்த மதிய உணவில்தான் கொஞ்சம் நின்று பேசுங்கள். 1956இல் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி, பருப்பு, விறகோடுதான் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு அரசு தன் பங்கைச் சேர்த்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசு, நாலு பைசா உள்ளூர். இந்த நாலு பைசாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கஜானாவில் முழுப் பணமும் சேரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஊர் தன் பங்கைப் போட்டதால் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஊருக்கும் ஒரு உரிமை வந்தது. நன்கொடை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வராது என்பது இந்த முறையின் பலவீனம். அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது 1958இல் கடம்பத்தூரில் நடந்தது. நீங்கள் வியாசர்பாடி ஜீவாவில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் திருவள்ளூர் தாண்டி வருமே, அதே கடம்பத்தூர்தான். மக்கள் பெஞ்ச், கரும்பலகை, கடிகாரம், சீருடைத் துணி, இடம் என்று தங்களால் முடிந்ததைப் பள்ளிகளுக்குக் கொடுத்த மாநாடுகள் இவை. பிள்ளைகளில் பலர் அந்த ஸ்டேஷன் பெயரை ரயில் பலகையில் பார்த்திருப்பார்கள், மனதில் நிற்கும். முதலமைச்சர் அதிகாரியின் யோசனையைத் தன் யோசனையாகக் காட்டிக்கொள்ளாமல் அவருக்கு வழிவிட்டார் என்பதும் குணத்தைப் பற்றிய செய்திதான்.

குணத்துக்கு இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1941இல் வேலூர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து ஒரே கூட்டத்தில் கலந்துகொண்டு பதவியை விட்டுவிட்டார். முழு நேரமும் கொடுக்க முடியாத பதவியை வைத்திருப்பது தப்பு என்பது அவர் கணக்கு. அடுத்தது 1954 அமைச்சரவை. அவரையும் சேர்த்து எட்டே பேர். தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும், அந்தச் சுப்பிரமணியத்தை முன்மொழிந்த பக்தவத்சலமும் அதில் அமைச்சர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பரமேஸ்வரனுக்கு இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். கோயிலுக்குள் யார் போகலாம் என்று சண்டை நடந்த நாட்டில், கோயில்களின் கணக்கைக் கேட்கும் இடத்தில் அவரை உட்காரவைத்தார். உங்கள் பகுதியில் இதைச் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

தோல்விகளையும் சொல்லுங்கள். கட்சி வேலைக்கு மூத்தவர்கள் திரும்ப வேண்டும் என்று சொல்லி 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டார். அடுத்து அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. ஆனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூட்டை அவர் கட்சி சரியாக அளக்கவில்லை. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1285 வாக்கில் தோற்றார். 1969இல் கட்சியே பிளந்தது. இந்திராவைக் கணித்ததிலும் அவர் தவறினார். இதையெல்லாம் மறைத்துப் பேசினால் சாமி படம் மாதிரி ஆகிவிடும். பத்தாம் வகுப்புப் பையன் செல்போனில் பார்த்துவிட்டு உங்களையே கேட்பான்.

இனி பேனரிலும் பேச்சிலும் வழக்கமாக வரும் பிழைகள். வடசென்னையில் இவை கொஞ்சம் அதிகம், காரணம் அவர் காலத்தில் இங்கே தொழிற்சாலைகள் வளர்ந்ததால் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் உருவானது, ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். அப்போது அவர் முதலமைச்சர் இல்லை. எண்ணூர் துறைமுகம் 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வந்தது 2014இல். "எண்ணூர் துறைமுகம் தந்த" என்று எழுதினால் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்துக் கட்டியதாக ஆகும். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் திறக்கப்பட்டது, அவர் ஆட்சிக் காலம்தான், ஆனால் அது ரயில்வேயின் தொழிற்சாலை, திட்டமும் ஒப்பந்தமும் அதற்கு முந்தியவை. "அவர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது" என்று எழுதினால் சரி. கிண்டி தொழிற்பேட்டையைத் தாராளமாகச் சொல்லலாம்.

"மதிய உணவுத் திட்டத்தின் தந்தை" என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. அப்போதைய தலைவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரியவர். ஆகவே மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியவர் அவர், மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர் காமராஜர், 1982இல் சத்துணவாக விரித்தவர் எம்.ஜி.ஆர்., முட்டையைச் சேர்த்தவர் கருணாநிதி, 2022இல் காலை உணவு ஸ்டாலின். சென்னையில் காலை உணவு முதலில் வந்ததும் நம் வடக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்குத்தான். ஐந்து பேரையும் ஒரே சார்ட்டில் ஆண்டோடு போட்டுவிடுங்கள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் குறை சொல்ல இடமிருக்காது, காமராஜரின் இடமும் குறையாது.

அம்மாவுக்கு மாதம் இவ்வளவு அனுப்பினார், இறந்தபோது சட்டைப்பையில் இவ்வளவு இருந்தது என்ற தொகைகள் பேனருக்குப் பேனர் மாறும். திறந்த பள்ளிகளின் எண்ணிக்கையும் அப்படியே. எண்ணை விட்டுவிட்டு, கடைசிவரை தி. நகர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில்தான் இருந்தார் என்று சொல்லுங்கள். அந்த வீடு இன்று நினைவு இல்லம், விருப்பமுள்ள பெற்றோர் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டலாம். அவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளில் ஒன்றைக்கூட அச்சடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான வரி, "படிக்காமலேயே முதலமைச்சர் ஆனார்." உங்கள் கூட்டத்தில் படிப்பை நிறுத்தியவர்களும் இருப்பார்கள், நிறுத்தலாமா என்று யோசிப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் காதில் இது எப்படி விழும்? அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார், குடும்பம் நொடித்தது, பதின்வயதைத் தொடும்போதே படிப்பு நின்றுபோய் மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தார். பிறகு சிறையிலும் வெளியிலும் செய்தித்தாளும் புத்தகமுமாகப் படித்துக்கொண்டே இருந்தார். தனக்கு நின்றுபோனது அடுத்த பிள்ளைக்கு நிற்கக் கூடாது என்று ஒன்பது ஆண்டு வேலை செய்தார். இந்த வரிசையில் சொன்னால் அர்த்தம் சரியாகப் போகும்.

பேச்சு முடிந்ததும் தெருவிலுள்ள பெரியவர்கள் மூன்று பேரைப் பதினைந்து நிமிடம் பேசவிடுங்கள். 1945 முதல் 1955க்குள் பிறந்தவர்களாகப் பாருங்கள், அவர்கள்தான் அந்தக் காலத்தில் பள்ளி வயதில் இருந்தவர்கள். அதற்குப் பின்னால் பிறந்தவர்களிடம் கேட்டால் எம்.ஜி.ஆர். காலச் சத்துணவையும் இதையும் கலந்துவிடுவார்கள், பாவம், அவர்கள் தப்பில்லை. "காமராஜர் ஆட்சி எப்படி இருந்தது ஆயா?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்பா" என்று ஒரு வரியில் முடியும். பொருளைக் கேளுங்கள்: தட்டு வீட்டிலிருந்து கொண்டுபோவீர்களா, சிலேட்டா நோட்டா, கூடப் பிறந்தவர்களில் யார் எந்த வகுப்போடு நின்றார்கள், ஏன். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அக்காவோ தங்கையோதான் பெரும்பாலும் இருப்பார்கள். அதைப் பிள்ளைகள் நேரில் கேட்கட்டும். செல்போனில் பதிவு செய்வதென்றால் ஸ்பீக்கர், ஃபேன் இரண்டையும் நிறுத்திவிட்டு, போனை அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள்.

சார்ட்டுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் மலிவு. எழுத்து ஒன்றரை அங்குல உயரம் இருந்தால் பதினைந்தடி தள்ளி நின்று படிக்கலாம். ஒரு தாளில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். சணல் கயிற்றில் கிளிப் போட்டு, மேலும் கீழும் கட்டுங்கள், மேலே மட்டும் மாட்டினால் காற்றில் சுருண்டுகொள்ளும்.

நன்கொடைக்கு மளிகைக் கடைகளுக்குப் போவீர்கள். கல்லாவுக்கு மேல் காமராஜர் படம் இருக்கும் கடையில் மறுக்க மாட்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகு: கொடுத்தவர் சங்கத்தின் பெயர் பேனரில் ஏறும், அடுத்த ஆண்டு அது அந்தச் சமுதாய விழாவாகிவிடும், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதனால் பணமாக வாங்காமல் அரிசி, பருப்பு, நோட்டு என்று பொருளாக வாங்குங்கள். வரவு செலவைத் தாளில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள், கொடுத்தவர் பெயர் அங்கே மட்டும் இருக்கட்டும். தெருவில் ஃபிளெக்ஸ் வேண்டாம். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த விபத்துக்குப் பிறகு அனுமதியில்லாத பேனருக்கு வழக்கு நிச்சயம். கூம்பு ஒலிபெருக்கியும் கூடாது, பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு போதும். காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே, இடம், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் போன் எண் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சாம்பார் சாதமும் முட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணியைவிடச் செலவு குறைவு, சின்னப் பிள்ளைக்கும் செரிக்கும், அந்த நாளுக்கும் பொருத்தம். நூறு பிள்ளைகளுக்கு அளவு: பொன்னி அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 2 கிலோ, கேரட், பீன்ஸ், கத்திரி சேர்த்து 4 கிலோ, புளி 400 கிராம், சாம்பார் தூள் 400 கிராம், மஞ்சள் தூள் 40 கிராம், பெருங்காயம் 25 கிராம், எண்ணெய் 1 லிட்டர், கடைசியில் ஊற்ற நெய் கால் கிலோ. உப்பு முதலில் 400 கிராம், பிறகு ருசி பார்த்து. முருங்கைக்காய் வேண்டாம், சக்கை தரையெல்லாம் கிடக்கும். மொத்தத் தண்ணீர் சுமார் 35 லிட்டர். எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோவுக்கு வரும், ஆளுக்கு அரைக் கிலோ, இரண்டாம் முறை கேட்பவருக்கும் கிடைக்கும். எழுபது லிட்டர் பிடிக்கும் தேக்சா வாடகைக்கு எடுங்கள். ஐம்பது லிட்டரில் கிளறவே முடியாது.

அரிசி, பருப்பு, சாம்பார் மூன்றையும் தனித்தனியாக வேகவைத்துக் கடைசியில் கலக்கச் சொல்லுங்கள். ஒரே பாத்திரத்தில் போட்டால் அடி பிடிக்கும், அடி பிடித்த வாசனை மேலே வரை ஏறும். காய் நன்றாக வெந்த பிறகுதான் புளிக்கரைசல், முன்னாலேயே ஊற்றினால் புளிப்பில் காய் வேகாமல் நிற்கும். சாதம் குழைய வேகட்டும். கலக்கும்போது பார்ப்பதற்குத் தண்ணியாக இருந்தால்தான் அரை மணி நேரம் கழித்துப் பதமாக வரும். இறுகிவிட்டால் ஊற்ற, ஐந்து லிட்டர் தெளிவான சாம்பாரைச் சூடாக எடுத்துவையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கெட்டுப்போகும், ருசியும் போகும். ஏழு மணிக்குப் பந்தி என்றால் ஆறேகாலுக்கு இறக்குங்கள். மதியமே சமைத்து மூடிவைப்பது ஜூலைச் சூட்டில் வம்பு.

முட்டை 110 வாங்குங்கள், உடைசல் இருக்கும். கொதி வந்த பிறகு பன்னிரண்டு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீர், பந்திக்கு முன்னால்தான் உரிக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் மூன்று, கை கழுவ ஒரு டிரம், சோப்பு. இந்த மாதம் சாயங்காலம் திடீரென்று மழை பிடிக்கும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் சுற்றித்தான் வர வேண்டும். அடுப்புக்கு மேல் தகரம் போடுங்கள், பந்தல் துணியை நம்பாதீர்கள்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தே சாப்பிடட்டும். அமைப்பாளர்களும் அதே பந்தியில், அதே சாப்பாடு. கவுன்சிலர் வந்தால் அவருக்கும் அதுவே.

வாசலில் ஒரு மேசை போட்டு இரண்டு பேரை உட்காரவையுங்கள். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியல் எடுக்கும் மேசை அது. ஜூலை 15ஐ அரசு கல்வி வளர்ச்சி நாளாக 2006இல் அறிவித்தது, அந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. பெயர், வயது, கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, நின்ற காரணம், பெற்றோர் போன் எண், அவ்வளவுதான். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், எழுந்து போய்விடுவார்கள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஆறு முதல் பதினான்கு வயது என்றால் கல்வி உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, ஜூன் முடிந்துவிட்டது என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். பதினான்கைத் தாண்டியவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு, அதன் பிறகு ஐ.டி.ஐ. என்று வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதைப் பெற்றோரிடம் அந்த மேசையிலேயே சொல்லுங்கள். அந்தத் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

மறுநாள் காலையிலேயே பட்டியலோடு பக்கத்து மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். பழைய எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் பதிவு எண்) தெரிந்தால் பிள்ளையின் பதிவைக் கணினியில் உடனே எடுக்கலாம், பழைய ரேங்க் கார்டிலோ அடையாள அட்டையிலோ அது இருக்கும். பழைய பள்ளி அந்தப் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடாமல் வைத்திருந்தால் புதிய பள்ளியில் ஏற்றுவது தாமதமாகும், அதற்குப் பழைய பள்ளிக்கு ஒரு நடை நடந்தே ஆக வேண்டும். பிள்ளை ஒரு வாரம் தொடர்ந்து வகுப்பில் உட்கார்ந்த பிறகே பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே டிக் போடுங்கள். சேர்த்த மூன்றாம் நாள் நின்றுவிடுகிற பிள்ளைகள் நிறைய, காரணம் பெரும்பாலும் சீருடையோ, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் கூச்சமோதான். சீருடைக்கு நன்கொடையில் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.